ஒரே கிணறு, இரண்டு மாதங்கள்: காட்டுப்பள்ளி – ஸ்ரீஹரிக்கோட்டா ஒப்பீடு பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி மார்க்கத்தில் போகும் மின்சார ரயிலில் மீஞ்சூரில் இறங்கி பஸ் பிடித்தால் காட்டுப்பள்ளிக்குப் போகலாம். அதே தடத்தில் மாநில எல்லையைத் தாண்டிச் சூலூர்ப்பேட்டையில் இறங்கினால், பழவேற்காடு ஏரியைக் குறுக்கே கடக்கும் சாலை ஸ்ரீஹரிக்கோட்டாவுக்கு இட்டுச் செல்லும். இரண்டும் ஒரே கடற்கரையில், ஒன்றின் தலைமாட்டில் இன்னொன்றாகக் கிடக்கும் மணல் தீவுகள். இரண்டுக்கும் கிழக்கே வங்கக் கடல். காட்டுப்பள்ளிக்கு மேற்கே பக்கிங்ஹாம் கால்வாயும் உப்பங்கழியும், தெற்கே கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் எண்ணூர் முகத்துவாரமும், வடக்கே பழவேற்காடு முகத்துவாரமும் எல்லை. அந்த முகத்துவாரத்துக்கு அப்பால் தொடங்குவது ஸ்ரீஹரிக்கோட்டா.

சென்னையில் ஒரு கல்லூரியின் இயற்கை ஆர்வலர் குழு இந்த இரண்டு தீவுகளின் சூழலையும் ஒப்பிட்டு அறிக்கை எழுத முன்வந்தது. எட்டு மாணவர்கள், வழிகாட்டியாக நான். அதே சமயத்தில் காட்டுப்பள்ளிப் பக்கத்து மீனவ ஊர் ஒன்றின் பஞ்சாயத்தார், கிணற்று நீரும் கடற்கரையும் கெட்டுவருவதைச் சொல்லி ஒரு மனு தயாரித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் அறிக்கையை அதனுடன் இணைக்க விரும்பினார்கள். மனு கொடுக்க ஆகஸ்ட் மாதக் கடைசி வரை அவகாசம் இருந்தது.

ஒப்பிடுவதற்கு இதைவிட நல்ல இணை கிடைக்காது என்றுதான் நாங்கள் நினைத்தோம். ஒரே மழை, ஒரே காற்று, ஒரே கடல். ஒன்றில் 1971 முதல் ராக்கெட் ஏவுதளம். வெளியார் நினைத்தபடி நுழைய முடியாததால் காடு தங்கியிருக்கிறது. இன்னொன்றின் மீதும் அதைச் சுற்றியும் துறைமுகங்கள், அனல்மின் நிலையங்கள், சாம்பல் குழாய்கள். வேறுபாடு எதுவானாலும் அதற்கு மனிதனே காரணம் என்ற முடிவை ரயிலில் ஏறும் முன்பே எடுத்துவிட்டோம். பின்னால் வந்த தவறுகளின் வேர் அதுதான்.

மே மாதப் பயணம்

மே இரண்டாவது வாரம், கத்திரி வெயிலில், இரண்டு நாட்கள் காட்டுப்பள்ளியில் நடந்தோம். கடலோர மணல்மேட்டில் அடம்பங்கொடியும் ராவணன் மீசையும் இருந்தன. அதற்குப் பின்னால் வரிசை பிடித்த சவுக்குத் தோப்பு. அதன் நிழலில் உதிர்ந்த இலைகளின் மெத்தையைத் தவிர வேறு செடி அதிகம் இல்லை. ஆங்காங்கே பனையும் தாழையும். கழியோரத்தில் வெண்கண்டலும் உமிரியும், அவற்றுக்கு நடுவே சாம்பல் படிந்து இறுகிய சேறும்.

ஊர்க் கிணறுகள் ஐந்தில், நீரில் கரைந்துள்ள உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரை விட்டுப் பார்த்தோம். ஐந்தும் கரித்தன. மீட்டர் இல்லாமலே நாக்கு சொல்லிவிடும் அளவுக்குக் கரிப்பு. மாணவி ஒருத்தி ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்ததைப் படம் எடுத்தோம். அது வரைவு அறிக்கையின் முகப்பில் இடம்பெற்றது.

ஸ்ரீஹரிக்கோட்டாவுக்குள் சென்று ஆய்வு செய்ய எங்களுக்கு வழியில்லை. ஏரிச் சாலையில் அனுமதிக்கப்பட்ட தூரம் வரை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். மீதியைத் தாவரவியலாளர்கள் வெளியிட்ட இனப் பட்டியல்களிலிருந்து எடுத்துக்கொண்டோம். உலக்கைப்பாலை, வீரை, காயா, எட்டி, நாவல், பிரம்புப் புதர்கள் எனச் சோழமண்டலக் கரைக்கே உரிய உலர் பசுமைமாறாக் காட்டின் மரங்கள் அந்தப் பட்டியல்களில் நிறைந்திருந்தன.

முதல் வரைவு

ஜூனில் எழுதி முடித்த வரைவுக்கு மாணவர்கள் வைத்த தலைப்பு ‘காப்பாற்றப்பட்ட தீவும் கைவிடப்பட்ட தீவும்’. அது மூன்று செய்திகளைச் சொன்னது. ஸ்ரீஹரிக்கோட்டாவில் செடி கொடி வகைகள் காட்டுப்பள்ளியைவிடப் பல மடங்கு அதிகம். காட்டுப்பள்ளியின் நிலத்தடி நீர் ஆலைகளால் உப்பாகிவிட்டது. ஸ்ரீஹரிக்கோட்டா மனிதர் கைபடாததால் தப்பியது. கடற்கரை அரிப்பைப் பற்றி எழுதியது கடைசியில் ஒரே ஒரு பத்தி.

அந்த வரைவைப் படித்து, சில ஒற்றுப் பிழைகளைத் திருத்தி, நன்றாக இருக்கிறது என்று சொன்னவன் நான். அன்றே கேட்டிருக்க வேண்டிய கேள்விகளை ஊரார் கேட்கும்படி ஆயிற்று.

ஊரில் வாசித்த நாள்

அனுப்புவதற்கு முன் ஊராருக்கு வாசித்துக் காட்டுவது மரியாதை என்று பஞ்சாயத்தார் சொன்னார்கள். ஜூலை நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வலை பின்னும் கொட்டகையில் உட்கார்ந்தோம். கிணற்றைப் பற்றிய பகுதி வந்ததும், மீன் கூடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஓர் ஆயா கையை உயர்த்தினார்.

“கண்ணு, எந்த மாதத்தில் வந்து இந்தத் தண்ணீரைப் பார்த்தீர்கள்?”

“மே மாதம், ஆயா.”

“சித்திரை வெயிலில் இந்தக் கிணறு எனக்குக் கல்யாணமாகி வந்த வருடமும் கரித்தது. அப்போது இங்கே ஒரு புகைக்கூண்டும் இல்லை. கார்த்திகை முடிந்து வா. அப்போதும் கரித்தால் எழுது. அப்போது கரிப்பதுதான் புதுசு.”

பிறகு அவர் எழுந்து எங்களைக் கொட்டகைக்குப் பின்னால் அழைத்துப் போனார். முந்தைய இரண்டு இரவுகளிலும் மழை பெய்திருந்தது. மணலில் முழங்கால் ஆழத்துக்குக் கையாலேயே தோண்டினார். அடியில் ஈரம் பூத்து, மெல்ல மெல்ல ஒரு கை அளவு நீர் ஊறியது. கொட்டாங்குச்சியால் மேலாக, குழியின் பக்கம் படாமல் மொண்டு கொடுத்தார். இனித்தது என்று சொல்ல முடியாது. ஆனால் குடிக்க முடிந்தது. இரண்டாவது முறை அடியோடு ஆழமாக மொண்டார். அது கரித்தது. ஒரே குழி, இரண்டு வாய் தண்ணீர்.

மணல் தீவுகளில் மழைநீர் இப்படித்தான் தங்கும். மணலுக்குள் இறங்கும் நன்னீர், கனமான உப்புநீரின் மேல் எண்ணெய் போல மிதக்கும். கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி உயரத்துக்கு நன்னீர் நின்றால், கீழே சுமார் 40 அடி ஆழம் வரை அது உப்பை அழுத்தி வைத்திருக்கும். மேலே ஓர் அடி குறைந்தால் கீழே அந்த 40 அடியும் போகும். தீவு அகலமாக இருந்தால் நடுப்பகுதியில் இந்த நன்னீர் தடித்து நிற்கும்; ஒடுக்கமாக இருந்தால் மெல்லிய படலமாகிக் கோடையில் கரைந்துவிடும். சென்னை வட்டாரத்துக்கு ஆண்டுக்குக் கிடைக்கும் சுமார் 1,400 மி.மீ. மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டித் தீர்ந்துவிடுகிறது. மேயில் எடுத்த அளவு அந்தப் படலம் மிக மெலிந்திருக்கும் நேரத்தின் அளவு. இவ்வளவும் எனக்குப் பாடமாகத் தெரியும். வகுப்பில் பலகையில் வரைந்தும் காட்டியிருக்கிறேன். அந்தக் கிணற்றடியில் நின்றபோது நினைவுக்கு வரவில்லை.

அதே கூட்டத்தில் வயதான மீனவர் ஒருவர் அரிப்பைப் பற்றிய எங்கள் பத்தி போதாது என்றார். “தெண்டியில் போகிற மணலைத் தடுத்துவிட்டு, வன்னியில் வருகிற மணலை வைத்து எங்கள் ஊர் எப்படிப் பிழைக்கும்?” என்று கேட்டார். தெண்டி என்பது தெற்கிலிருந்து வடக்கே ஓடும் நீரோட்டம்; வன்னி வடக்கிலிருந்து தெற்கே வருவது. எங்கள் வரைவில் இந்த இரண்டு சொற்களும் இல்லை. அவை குறிக்கும் நிகழ்வும் இல்லை.

நிறுத்திவைத்த முடிவும் அதன் காரணமும்

திரும்பும் ரயிலிலேயே விவாதம் தொடங்கிவிட்டது. மூன்று மாணவர்கள், கிணற்றுப் பகுதியில் ஓர் அடிக்குறிப்பு சேர்த்து அறிக்கையைக் கொடுத்துவிடலாம் என்றார்கள். ஊருக்கு நாள் நெருங்குகிறது; ஆலைகளால் பாதிப்பே இல்லை என்று யாரும் சொல்லவில்லையே என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் இருந்தது.

வரைவை நிறுத்திவைப்பது என்று நான் முடிவெடுத்தேன். கிணற்றுச் செய்தி அறிக்கையின் முகப்பிலேயே படத்தோடு இருந்தது. எதிர்த்தரப்பில் ஒருவர் மழைக்குப் பிறகு அதே கிணற்றில் நீர் எடுத்துக் காட்டினால் போதும். அது விழும்போது உண்மையான மணல் பிரச்சினையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழும். ஊரார் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் உண்மையை எங்கள் அவசரத்தால் பொய்யோடு கட்டிவைக்க எனக்கு மனம் வரவில்லை.

வரைவை மறுபடி படித்தபோது இன்னும் இரண்டு ஓட்டைகள் தெரிந்தன. ஸ்ரீஹரிக்கோட்டாவின் பட்டியல் பல தாவரவியலாளர்கள், பல பருவங்களில், சுமார் 175 சதுர கி.மீ. பரப்பில் சேர்த்தது. காட்டுப்பள்ளியின் பட்டியல் எட்டு மாணவர்கள் இரண்டு கோடை நாட்களில், ஓர் ஒடுங்கிய கீற்றில் எழுதியது. இந்த இரண்டு எண்களைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் ‘பல மடங்கு’ என்றது ஒப்பீடே ஆகாது.

மற்றது, ‘மனிதர் கைபடாத தீவு’ என்ற சொற்றொடர். அதைச் சரிபார்க்கச் சூலூர்ப்பேட்டைக்கு மறுபடி போனபோது, பஸ் நிலையத்தருகே யானாதி சமூகத்து முதியவர் ஒருவர் தம் தாய் தீவுக்குள் பிறந்தவர் என்றார். தெலுங்கு தெரிந்த மாணவர் அதைச் சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டார். கிழங்கு, தேன், மூலிகை எடுத்து அந்தக் காட்டில் வாழ்ந்த மக்கள் ஏவுதளம் வந்தபோது இடம்பெயர்ந்தார்கள். அதற்கும் முன், 19ஆம் நூற்றாண்டில் அந்தக் காட்டின் விறகு கால்வாய்ப் படகுகளில் சென்னைக்கு வந்து நம் நகரத்து அடுப்புகளில் எரிந்தது. இன்றைக்கும் தீவின் ஒரு பகுதி நட்டு வளர்த்த சவுக்கும் தைலமரமும்தான். கைபடாத தீவு என்று எழுதியது பிழை என்பதோடு, அங்கே வாழ்ந்தவர்களை இல்லாதவர்கள் ஆக்கியதும்கூட. இதை நினைத்து நான் மிகவும் வருந்தினேன்.

ஆகஸ்ட் கடைசியில் மனு எங்கள் அறிக்கை இல்லாமலே போனது. பஞ்சாயத்தில் ஒருவர், “நீங்கள் சரிபார்த்துக்கொண்டிருந்ததற்குள் எங்கள் நாள் போய்விட்டது, சார்” என்றார். அந்த வருத்தத்தை மறுக்க என்னிடம் வார்த்தை இல்லை.

ஆடிக் கூழும் அம்மன் தோப்பும்

இதற்கிடையில் ஆடி மாதத்தில் அந்த ஆயா எங்களைக் கூழ் ஊற்றும் திருவிழாவுக்கு அழைத்திருந்தார். ஆய்வு நோக்கம் எதுவும் இல்லாமல்தான் போனோம். ஊரின் மேற்கே, கடலிலிருந்து விலகிய இடத்தில், அம்மன் கோயிலுக்குப் பின்னால் ஒரு சிறு தோப்பு. மேயில் சவுக்குக்கு அப்பால் எதுவும் இருக்காது என்று நினைத்து நாங்கள் நடக்காத பக்கம் அது.

கூழ்க் கிண்ணத்தோடு நிழலுக்கு ஒதுங்கிய மாணவி ஒருத்தி, தலைக்கு மேலே இருந்த மரத்தைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். உலக்கைப்பாலை. அடர்ந்த, தடித்த இலைகள். எத்தனையோ தலைமுறைக்கு வயதான அடிமரம். கிளையில் கட்டிய மஞ்சள் துணிகள். அதைச் சுற்றி வீரை, நாவல், புதராகக் காயா. ஸ்ரீஹரிக்கோட்டாப் பட்டியலில் நாங்கள் தாளில் மட்டும் படித்திருந்த மரங்கள், ஒரு வீட்டு மனைக்குச் சற்று மேற்பட்ட இடத்தில், காட்டுப்பள்ளியில் நின்றுகொண்டிருந்தன. அம்மன் மரத்தில் அரிவாள் வைக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு அவற்றைக் காத்திருக்கிறது. இந்தக் கரை நெடுகிலும் இவ்வகைக் காட்டின் மிச்சங்கள் கோயில் தோப்புகளில்தான் பெரும்பாலும் பிழைத்திருக்கின்றன.

இந்தத் தோப்பு ஒப்பீட்டையே மாற்றிவிட்டது. அந்தக் காட்டைத் தாங்க ஓரளவு நன்னீரும் மண்ணும் இங்கேயும் இருக்கின்றன என்பதற்கு இது கண்கண்ட சாட்சி.

டிசம்பர், ஜனவரி: மறு ஆய்வு

டிசம்பர் மூன்றாவது வாரம், மழை ஓய்ந்ததும், அதே ஐந்து கிணறுகளில், அதே மீட்டரால், அதே காலை நேரத்தில் நீர் எடுத்தோம். மூன்று கிணறுகள் குடிக்கத் தகும் நீராக மாறியிருந்தன. நான்காவது இலேசாகக் கரித்தது. ஐந்தாவது மட்டும், கழியை ஒட்டியது, மேயில் இருந்ததுபோலவே கரித்தது. ஆயா சொன்ன ‘புதுசு’ அந்த ஒரு கிணறுதான். அது கெட்டதற்கு ஆலைக் கழிவு காரணமா, கழியில் அலைநீர் ஏறும் முறை மாறியது காரணமா என்று பிரித்துச் சொல்ல எங்கள் அளவுகள் போதவில்லை. அறிக்கையில் அப்படியே எழுதினோம்.

செடிகளுக்கு, கடல் விளிம்பிலிருந்து உள்நோக்கிக் கயிறு பிடித்து, கயிற்றைத் தொட்ட ஒவ்வொன்றையும் குறித்தோம். ஜனவரியில் பழவேற்காட்டிலிருந்து படகில் முகத்துவாரம் வரை போய், கரையேறாமல், ஸ்ரீஹரிக்கோட்டாவின் தென்முனையைத் தொலைநோக்கியில் பார்த்தோம். கடலையொட்டிய மணல்மேட்டில் அங்கேயும் அதே அடம்பங்கொடி, அதே ராவணன் மீசை. முன்வரிசையில் இரண்டு தீவுகளுக்கும் எங்கள் கண்ணுக்குத் தெரிந்த வேறுபாடு இல்லை. வேறுபாடு உள்ளே போகப் போகத்தான் தொடங்குகிறது. ஸ்ரீஹரிக்கோட்டா பல கிலோமீட்டர் அகலத்துக்கு விரிந்து, நடுவில் நன்னீர் தடித்து நிற்க இடம் கொடுக்கிறது. அங்கே காடு பிடிக்கிறது. காட்டுப்பள்ளி வடக்கே போகப் போக ஒடுங்குகிறது; அகலமிருக்கும் இடங்களில் சவுக்கும் கட்டுமானங்களும் நிற்கின்றன; தோப்பு ஒரு மூலையில் எஞ்சியிருக்கிறது. ஆகவே காட்டு வேறுபாட்டில் ஒரு பங்கு தீவின் உருவத்தால் வந்தது. ஒரு பங்குதான் மனிதரால் வந்தது.

மனிதரால் வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது மணலைத்தான். இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் வடக்கு நோக்கி நகர்கிறது; வடகிழக்குப் பருவத்தில் சில மாதங்கள் திரும்புகிறது. கூட்டிக் கழித்தால் வடக்கே போவதுதான் அதிகம். குறுக்கே அலைத்தடுப்புச் சுவர் கட்டினால் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை கரையும். சென்னைக்கு இது புதிதில்லை. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் துறைமுகம் வந்ததும் மெரினா அகன்றது, இராயபுரம் பக்கம் கடல் ஊருக்குள் வந்தது. காட்டுப்பள்ளிக் கரையின் வெவ்வேறு ஆண்டுச் செயற்கைக்கோள் படங்களை மாணவர்கள் ஒன்றின் மேல் ஒன்று வைத்தபோது அதே வடிவம் தெரிந்தது: சுவருக்குத் தெற்கே தடித்த மணல், வடக்கே உள்வாங்கிய கரைக்கோடு. ஒடுங்கிய தீவில் கரை தேய்ந்தால் நன்னீர்ப் படலமும் சேர்ந்து தேயும். மீனவர் கேட்ட கேள்வியும் ஆயா தோண்டிய குழியும் இந்த இடத்தில் ஒன்றாயின.

பின்விளைவு

மார்ச்சில் அறிக்கையை ஊருக்குக் கொடுத்தோம். பழைய தலைப்பும் முகப்புப் படமும் இல்லை. மணலைப் பற்றிய பகுதி முதலில் வந்தது. மனுவுக்கு அது காலம் கடந்துதான் போய்ச் சேர்ந்தது. பஞ்சாயத்தார் அதைத் துணைக் கடிதத்தோடு தனியே அனுப்பினார்கள். இதுவரை பதில் வரவில்லை.

எதிர்பாராத இடத்தில் அது பயன்பட்டது. ஊரின் தண்ணீர்த் தட்டுப்பாட்டுக்கு, நன்னீர் ஊறும் மூன்று கிணறுகளுக்கு நடுவே ஆழ்துளைக் கிணறு போட்டு மோட்டார் வைக்க ஒரு திட்டம் இருந்தது. படலத்தைத் துளைத்து ஆழத்திலிருந்து உறிஞ்சினால் அடியிலுள்ள உப்பு கூம்பாக மேலெழுந்து சுற்றுக் கிணறுகளையும் கெடுக்கும். மாணவர்கள் ஒரு கண்ணாடித் தொட்டியில் மணலும் சாயம் கலந்த உப்புநீரும் வைத்து ஊர்க் கூட்டத்தில் இதைச் செய்து காட்டினார்கள். குழாயின் அடியில் சாயம் ஏறுவதைப் பெண்கள்தான் முதலில் பார்த்துக் குரல் கொடுத்தார்கள். திட்டம் நிறுத்திவைக்கப்பட்டது. கோடையில் லாரித் தண்ணீரைக் கூட்டிக் கேட்பது, கிணறுகளில் மேலாக மட்டும் இறைப்பது என்று முடிவாயிற்று. இது அவர்களுக்கு எளிதான முடிவாக இருக்கவில்லை; லாரிக்குக் குடத்தோடு காத்திருப்பவர்கள் அதே பெண்கள்தான்.

மீட்டரை ஊரிலேயே விட்டுவந்தோம். பள்ளியில் படிக்கும் இரண்டு பெண்கள் ஒவ்வோர் அமாவாசையிலும் ஐந்து கிணறுகளையும் பார்த்து நோட்டில் எழுதுகிறார்கள்.

மறுபடி செய்தால்

முதலில் ஊராரிடம் கேட்டுவிட்டுத்தான் மாதத்தைத் தேர்ந்தெடுப்பேன். ஒரே இடத்தில் கோடையிலும் மழைக்குப் பிறகும் நீர் எடுக்காமல் கிணற்றைப் பற்றி ஒரு வரியும் எழுத விடமாட்டேன். உள்ளே போக முடியாத தீவைப் பற்றி எழுதும்போது, எது நாங்கள் கண்டது, எது பிறர் பட்டியல் என்று ஒவ்வொரு பத்தியிலும் தெரியும்படி எழுதுவேன். வரைவு முடிந்த பிறகு ஊரில் வாசித்தது தாமதம். குறிப்பெடுத்த இரண்டாம் நாள் மாலையே வாசித்திருந்தால் ஆகஸ்ட் கெடுவைப் பிடித்திருக்க முடியும். மனு தனியே போனதில் என் பங்கு அது.

ஏரியோரச் சேற்றுப் பகுதிகளை ஒப்பிடவே இல்லை. பூநாரைகள் வரும் மாதங்களில் இரண்டு தீவுகளின் மேற்குக் கரையிலும் ஒரே நாளில், ஒரே நேரத்தில் கணக்கெடுத்தால்தான் அதற்கு அர்த்தம் உண்டு. அதற்கு இரண்டு படகும் இரு மாநில வனத்துறை அனுமதியும் வேண்டும். விண்ணப்பங்கள் கொடுத்திருக்கிறோம். அதற்கு முன், வரும் சித்திரையில் கழியோரத்து ஐந்தாவது கிணற்றில் மறுபடி நீர் எடுக்க வேண்டும். அமாவாசை நோட்டில் அந்தக் கிணற்றின் உப்பு அளவு மாதத்துக்கு மாதம் ஏறிக்கொண்டிருக்கிறது.